காசிமேடு முதல் பழவேற்காடு வரை: நீர்நிலைகளைக் காப்பவர் யார்?

முன்னுரை

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 பிறந்தால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் முகமே மாறிவிடும். கடலில் இருக்க வேண்டிய விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு துறைமுகத்துக்குள் கட்டிக் கிடக்கும். ஒரு பக்கம் இயந்திரங்களைப் பிரித்து மாட்டுவார்கள். இன்னொரு பக்கம் வலையின் பொத்தலை அடைப்பார்கள், பலகைக்கு வண்ணம் பூசுவார்கள். ஐஸ் வண்டிகளின் நடமாட்டம் குறைந்துவிடும். ஏலக்கூடத்தில் வஞ்சிரத்தின் விலை ஏறிவிடும். ஜூன் 14 வரை, அதாவது 61 நாட்கள், இதுதான் நிலைமை. இதற்கு 'மீன்பிடி தடைக்காலம்' என்று பெயர். மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் அவற்றை விட்டுவைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

ஒரு காட்டையோ ஏரியையோ கடற்பகுதியையோ 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று அறிவிப்பது அரசின் வேலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அரசாணை வரும், பலகை நடப்படும், காவலர் நியமிக்கப்படுவார். ஆனால் அந்த இடத்திலேயே பிறந்து, அதை நம்பிப் பிழைக்கும் மக்களுக்கு அந்த நிர்வாகத்தில் என்ன இடம்? கேள்வி கேட்கப்படும் இடமா, உத்தரவு கேட்கும் இடமா? உலகம் முழுவதும் அரை நூற்றாண்டாக விவாதிக்கப்படும் இந்தக் கேள்விக்கு, காசிமேட்டிலிருந்து வடக்கே எண்ணூர் வழியாகப் பழவேற்காடு வரை நீளும் கரையின் வரலாறு ஒரு நல்ல பதிலைத் தருகிறது.

வேலி போட்டுக் காத்த காலம்

நவீன உலகின் முதல் தேசியப் பூங்கா எனப்படுவது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன். அது 1872-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே தலைமுறைகளாக வேட்டையாடி வாழ்ந்த பழங்குடியினர் படிப்படியாக வெளியேற்றப்பட்டார்கள். 'மனிதன் இல்லாத இயற்கையே தூய இயற்கை' என்ற எண்ணம் அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவியது. இந்தியாவில் 1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பெரும்பாலும் இந்த அடிப்படையிலேயே அமைந்தது. ஒரு பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டால் அங்குள்ள மக்களின் உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்து முடிவு செய்வார். மக்கள் மனு கொடுக்கலாம், ஆனால் நிர்வாகத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது.

ஆனால் தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே வேறொரு முன்மாதிரி இருந்தது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டுக்கொன்றபோது, ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். அப்போதைய கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே அளித்து ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். பின்னர் 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. அரசு வேடந்தாங்கலைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது 1936-இல்தான். அதாவது சட்டம் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே ஊர் காவல் காத்துக்கொண்டிருந்தது.

ஊரார் இதைப் புண்ணியத்துக்காக மட்டும் செய்யவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்குப் பாய்ந்தால் அது உரமாகும். பறவை வாழ்ந்தால் பயிர் வாழும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காப்பவருக்கு அதில் ஒரு பலன் இருந்தது, காக்கும் உரிமையும் எழுத்தில் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததே வேடந்தாங்கலின் வெற்றி.

பழவேற்காட்டின் 'பாடு'

சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆந்திரம், தமிழ்நாடு என இரு மாநிலங்களில் அது பரந்து கிடக்கிறது. ஆந்திரப் பகுதி 1976-இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பூநாரைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த அறிவிப்பு மட்டுமே தெரியும். ஆனால் அதற்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே அந்த ஏரியில் ஒரு நிர்வாகம் நடந்து வந்தது. அதன் பெயர் 'பாடு'.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு அருகே இறால் மிகுதியாகக் கிடைக்கும் சில இடங்கள் உண்டு. அங்கே கழி நட்டுச் சுத்து வலை கட்டுவார்கள். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் சண்டையும் வரும், இறாலும் ஒழியும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த மீனவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். எந்த ஊருக்கு எந்த இடம், எந்தக் குழுவுக்கு எந்த நாள் என்பது சீட்டுப் போட்டு முடிவாகும். திருமணமான ஆண்களின் பெயர்கள் 'தலைக்கட்டு' என்ற பட்டியலில் இருக்கும். பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் முறை. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம் வரும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும்.

இது வெறும் பங்கீட்டு ஏற்பாடு மட்டும் அல்ல. எத்தனை வலை, என்ன வகை வலை, எந்த நாளில் என்று வரையறுப்பதன் மூலம் ஏரியின் மேல் விழும் சுமையும் அளவோடு இருக்கும். எண்ணூர்க் கழிமுகத்திலும் குப்பங்கள் முறை வைத்து மீன்பிடிக்கும் வழக்கம் உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போல மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி வலை கட்டும் இடங்களைப் பிரித்துக்கொள்வார்கள். அங்கே அரசு 1950-களின் இறுதியிலேயே அந்த வழக்கத்தை விதிமுறையாக எழுதிச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. பழவேற்காட்டில் அப்படி நடக்கவில்லை. சரணாலய அறிவிப்பு ஒரு பக்கமும் பாடு முறை இன்னொரு பக்கமுமாக, ஒன்றையொன்று அறியாதது போலவே இருந்து வந்தன.

1968-இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர், பொதுச் சொத்தை எல்லோரும் சேர்ந்து அழித்துவிடுவார்கள் என்றும், அரசோ தனியாரோ கையில் எடுத்தால்தான் அது பிழைக்கும் என்றும் எழுதினார். இந்த வாதம் மிகவும் புகழ்பெற்றது. இதற்கு மறுப்பாக எலினார் ஆஸ்ட்ரம் என்ற பெண்மணி, பல நாடுகளில் மக்களே விதி வகுத்துப் பொதுச் சொத்தைக் காத்த நிகழ்வுகளைத் தொகுத்து 1990-இல் ஒரு நூல் எழுதினார். யார் உறுப்பினர் என்பது தெளிவாக இருக்க வேண்டும், விதி இடத்துக்குப் பொருந்த வேண்டும், கண்காணிப்பும் தண்டனையும் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்த உரிமையை அரசு மதிக்க வேண்டும் என்று அவர் காட்டினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் இவரே. அவர் சொன்னவற்றில் முதல் மூன்றும் பழவேற்காட்டில் இருந்தன. நான்காவது மட்டும் இல்லை.

காசிமேட்டில் மூன்று சட்டங்கள்

காசிமேட்டின் கதை கொஞ்சம் சிக்கலானது. சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1875-இல் தொடங்கியது. 1881-ஆம் ஆண்டுப் புயலில் சேதமடைந்து, மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. கடலுக்குள் நீட்டிய அந்தச் சுவர்கள், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. தெற்கே ஊரார் காற்று வாங்கும் மணல், வடக்கே மீனவரின் வீட்டு வாசலில் இருந்திருக்க வேண்டியது.

அதன் பிறகு வந்த பெரிய மாற்றம் இழுவைமடி. 1950-களில் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் மீன்பிடித் தொழிலில் இயந்திரத்தைப் புகுத்தியது. ஏற்றுமதி இறாலின் விலை ஏற ஏற, அரசு மானியத்தோடு விசைப்படகுகள் பெருகின. 1980-களில் செயல்படத் தொடங்கிய காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அவற்றின் தலைநகரமாகவே ஆனது. கட்டுமரக்காரர்கள் வலை விரித்திருக்கும் கரையோரக் கடலிலேயே விசைப்படகுகளும் மடி இழுத்தன. வலைகள் அறுந்தன. 1970-களில் இரு தரப்பும் கடலிலும் கரையிலும் மோதிக்கொண்டன. உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. மத்திய அரசு 1976-இல் மஜும்தார் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததே 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைல் வரை, அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர் வரை, விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. அந்தப் பகுதி நாட்டுப்படகுகளுக்கு உரியது.

காகிதத்தில் பார்த்தால் இது ஒரு பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. ஆனால் கடலில் கோடு கிழிக்க முடியாது. அதைக் காவல் காக்க மீன்வளத்துறையிடம் போதிய படகும் இல்லை, ஆளும் இல்லை. பிறகு கடலில் ஓரளவாவது ஒழுங்கு எப்படி நிலவியது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க். 1990-களில் சோழமண்டலக் கரையில் தங்கி ஆராய்ந்து, 2001-இல் நூலாக வெளியிட்டார். கடலில் ஒரு சட்டம் அல்ல, மூன்று சட்டங்கள் நடக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. ஒன்று அரசின் சட்டம். இரண்டாவது குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்துச் சட்டம். மூன்றாவது விசைப்படகு உரிமையாளர் சங்கங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாடு.

குப்பத்தின் சட்டம் எழுதப்படாதது, ஆனால் அழுத்தமானது. ஒரு புதிய வலை மற்றவர்களின் தொழிலைக் கெடுக்கும் என்றோ மீன் வளத்தைக் குலைக்கும் என்றோ ஊர் கருதினால், நாட்டார்கள் கூடிப் பேசி அதைத் தடை செய்வார்கள். நத்தை பிடிக்கும் ஒருவகை வலையைப் பல குப்பங்கள் இப்படித் தடை செய்ததைப் பாவிங்க் விரிவாக எழுதியிருக்கிறார். விசைப்படகு ஒன்று கரையோர வலையை அறுத்துவிட்டால், குப்பத்தார் அந்தப் படகைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பிறகு காசிமேட்டிலிருந்து சங்கத்துக்காரர்கள் வருவார்கள். பேச்சு நடக்கும், நட்டஈடு முடிவாகும், படகு விடுவிக்கப்படும். பெரும்பாலும் காவல் நிலையமோ நீதிமன்றமோ இதில் வருவதில்லை. சட்டப் புத்தகத்தில் இருந்த 3 கடல் மைலை, ஓரளவாவது கடலில் இருக்கச் செய்தது இந்தப் பேச்சுவார்த்தைதான் எனலாம்.

முன்னுரையில் சொன்ன தடைக்காலமும் இப்படித்தான் நிலைத்தது. தமிழ்நாட்டில் 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய தடை, 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. வருமானம் இல்லாத அந்தக் காலத்துக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. தொகை போதாது என்ற குறை ஆண்டுதோறும் எழுகிறது. தடை வேண்டாம் என்று சொல்பவர்கள் மட்டும் அதிகம் இல்லை. எல்லாப் படகும் ஒரே நேரத்தில் நிற்கிறது, யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது, தடை முடிந்து போகும் முதல் நாள் வலை கனக்கிறது. வேடந்தாங்கலின் அதே கணக்கு: காப்பவர் கண்ணுக்குத் தெரிகிற பலன்.

வரைபடத்தில் காணாமல் போன கழிமுகம்

காசிமேட்டுக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர்க் கழிமுகம். அலையாத்தி மரங்கள், உப்பளங்கள், சேற்றுத் திட்டுகள் நிறைந்த இந்த ஈரநிலம் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காட்டோடு இணைந்துள்ளது. மழை வெள்ளம் வடிவதும் இதன் வழியாகத்தான், மீனும் இறாலும் குஞ்சு வளர்வதும் இதன் சேற்றில்தான்.

இதற்கும் பாதுகாப்பு இருந்தது. 1991-இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதன்படி தயாரித்து 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த வரைபடத்தில், எண்ணூர்க் கழிமுகத்தின் சுமார் 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு, கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் புழக்கத்துக்கு வந்த வேறொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை! அனல் மின் நிலையங்கள், 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், நிலக்கரிக் கிடங்குகள் என்று கழிமுகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து ஆற்றில் சாம்பல் படிந்தது. இரண்டு வரைபடங்கள் இருக்கும் விஷயம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் 2017-இல்தான் பரவலாக வெளியே தெரிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரைபடத்தில் இருந்து ஆற்றை எடுத்துவிட முடிந்ததற்குக் காரணம், அந்த வரைபடத்தை வைத்திருந்த மேசையைச் சுற்றி அந்த ஆற்றில் இறங்குபவர் ஒருவர்கூட இல்லாததுதான். காட்டுக்குப்பத்திலோ முகத்துவாரக்குப்பத்திலோ அந்தத் தாளை விரித்துக் காட்டியிருந்தால், ஒரு சின்னப் பையன்கூட ஆறு எங்கே என்று கேட்டிருப்பான்.

மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆற்றில் நின்று போராடினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். சாம்பல் மாசு குறித்த வழக்கில் தீர்ப்பாயம் 2022-இல் கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டது. 'காக்கா ஆழி' என்று அவர்கள் பெயர் வைத்த அயல்நாட்டுச் சிப்பியைப் பற்றி எச்சரித்ததும் அவர்களே. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த இனம் கப்பல்கள் வழியாக வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அது ஆற்றுப் படுகையில் பாய் விரித்தாற்போலப் படர்ந்து, இறால் புதையும் சேற்றை மூடிவிடுகிறது. நாட்டு மட்டியை ஒழிக்கிறது. வலையில் இறால் குறைவதும் காலில் ஓடு கிழிப்பதும் மீனவனுக்கு ஆய்வறிக்கைக்கு முன்பே தெரிந்துவிடும்.

வாளியும் குவளையும்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கப்பல் எண்ணெய் கடலில் கொட்டி, திருவொற்றியூர், காசிமேடு வரை கருந்தாராகக் கரை ஒதுங்கியது. அதை அள்ளியது பெரும்பாலும் வாளிகள்தான். மாணவர்களும் தொண்டர்களும் மீனவர்களும் நாட்கணக்கில் அள்ளினார்கள். மீன் வாங்க மக்கள் பயந்ததால் காசிமேட்டுச் சந்தை படுத்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் புகுந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்தன. கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் படிந்து பறக்க முடியாமல் நின்றன. இம்முறையும் கூலிக்கு எண்ணெய் அள்ள இறங்கியவர்கள் எண்ணூர் மீனவர்களே. தொடக்க நாட்களில் பலருக்குக் கையுறையும் இல்லை, காலுறையும் இல்லை. கையில் இருந்தது குவளை.

'மக்கள் பங்கேற்பு' என்ற சொல் அரசு ஆவணங்களில் அடிக்கடி வருகிறது. எண்ணூரில் அந்தப் பங்கேற்பு எந்தக் கட்டத்தில் கிடைத்தது என்று பார்த்தால் உண்மை விளங்கும். ஆலை எங்கே வர வேண்டும் என்ற கட்டத்தில் கிடைக்கவில்லை. வரைபடம் வரைந்த கட்டத்தில் கிடைக்கவில்லை. அழுக்கை அள்ளும் கட்டத்தில் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கு 2021-லும் 2023-லும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. எதிர்ப்புத் தெரிவிக்கவாவது ஒரு மேடை கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு அதுவும் உரிய நாளில் கிடைக்கவில்லை.

'சமூகம்' என்பது ஒருவர் அல்ல

அப்படியானால் எல்லாவற்றையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டால் சரியாகிவிடுமா? அவ்வளவு எளிதல்ல.

பாடு முறையின் தலைக்கட்டில் பெண்ணின் பெயர் கிடையாது. மீனைக் கூடையில் சுமந்து விற்பவர்களும், ஆற்றில் இறங்கி மட்டி பொறுக்குபவர்களும் பெண்கள். ஆயினும் நாட்டார் கூட்டத்தில் அவர்களுக்கு இருக்கை இல்லை. கையால் சேற்றைத் தடவியே இறால் பிடிக்கும் இருளர்களும், பிற சாதிகளைச் சேர்ந்த மீன்பிடிப்பவர்களும் பாடு முறைக்கு வெளியேதான் நிற்கிறார்கள். நல்ல இடங்கள் பட்டினவர் ஊர்களுக்கு மட்டுமே என்பது அவர்களின் நீண்ட நாள் குறை. ஏரியைக் காத்த அதே விதிதான் சிலரைக் கரையிலேயே நிறுத்தியும் வைத்தது.

காசிமேட்டிலும் 'மீனவர்' என்பது ஒரே ஆள் அல்ல. இழுவைப்படகு முதலாளி, அதில் பங்குக்குப் போகும் தொழிலாளி, ஃபைபர் படகுக்காரர், ஏலக்காரர், மீன் விற்கும் பெண் ஆகிய ஐவருக்கும் ஐந்து விதமான தேவைகள். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது இது வெளிப்பட்டது. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். மணிக்கணக்கில் இழுபடும் மடிக்குள் மாட்டினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் இறந்துவிடும். கரையோரத்தில் மடி இழுத்ததே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதாவது 1983-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த அதே செயல். ஆமை தப்பிக்க மடியில் பொருத்தும் கருவி உண்டு. ஆனால் அதில் மீனும் கொஞ்சம் தப்பிவிடும் என்பது படகுக்காரர் கவலை. நாட்டுப்படகுக்காரருக்கோ, ஆமை செத்தாலும் தன் வலை அறுந்தாலும் குற்றவாளி ஒரே படகுதான். ஆகவே 'உள்ளூர் மக்களின் பங்கு' என்று பேசும்போது, எந்த உள்ளூர் மக்கள் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சட்டத்தில் திறந்த வாசல்

வன உயிரினச் சட்டத்துக்கு 2002-இல் கொண்டுவந்த திருத்தம் இரண்டு புதிய வழிகளைத் திறந்தது. ஒன்று 'சமுதாயக் காப்பகம்'. தனியாருக்கோ சமூகத்துக்கோ சொந்தமான நிலத்தில் அதை அமைக்கலாம். கடலும் ஆறும் அரசுக்குச் சொந்தம் என்பதால் மீனவர்களுக்கு இந்த வாசல் பயன்படாது. மற்றொன்று 'பாதுகாப்புக் காப்பகம்'. அரசு நிலத்தில், உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்து அமைக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் அப்பகுதி ஊராட்சிகளின் பிரதிநிதிகள் இருப்பார்கள். தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவித்த கடற்பசுப் பாதுகாப்புக் காப்பகம் இவ்வகையைச் சேர்ந்தது. வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்கு அங்கே வெகுமதியும் வழங்கப்படுகிறது.

இந்த வாசலிலும் ஒரு சிக்கல் உண்டு. சட்டம் சொல்லும் 'ஊராட்சி' என்பது தேர்தலில் வந்த அமைப்பு. மீனவர் சொல்லும் 'ஊர்ப் பஞ்சாயத்து' அதுவல்ல. காசிமேடும் எண்ணூரும் மாநகராட்சிக்குள் இருப்பதால் அங்கே ஊராட்சியே கிடையாது. கடலில் உண்மையில் யாருடைய சொல் செல்லுமோ, அவர்களுக்குச் சட்டத்தில் பெயர் இல்லை.

பெயர் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மன்னார் வளைகுடா ஒரு சான்று. 21 தீவுகளைக் கொண்ட அந்தப் பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதும், தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் திடீரெனக் குற்றவாளிகள் ஆனார்கள். துரத்தப்பட்டார்கள். ஆனாலும் அவர்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாட்கள் மட்டும் பாசி எடுப்பது, பவளப்பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியை விடுவது என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். காவலர் துரத்திச் சாதிக்க முடியாததை, பாசி எடுப்பவர்களே கூடி உட்கார்ந்து சாதித்தார்கள். அதுவும் நாட்டார் கூட்டத்தில் இருக்கை இல்லாத பெண்கள்.

முடிவுரை

வேடந்தாங்கல் ஊராருக்கு 1798-இல் கிடைத்தது ஒரு தாள். அதில் பணம் இல்லை, ஆயுதம் இல்லை. 'இதைக் காக்கும் உரிமை உங்களுடையது, சுட வருபவரைத் தடுக்கலாம்' என்ற ஒப்புதல் மட்டுமே இருந்தது. அந்த ஒப்புதல் இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நின்றது.

காசிமேடு முதல் பழவேற்காடு வரையுள்ள மீனவர்களிடம் விதி இருக்கிறது, முறை இருக்கிறது, நீரைப் பற்றிய அறிவு இருக்கிறது. தடைக்காலத்தில் படகை நிறுத்தும் கட்டுப்பாடும் இருக்கிறது. அவர்களின் பஞ்சாயத்தில் குறைகளும் இருக்கின்றன. பெண்களையும் இருளரையும் சேர்த்துக்கொள்ளாமல் அது முழுமை பெறாது. ஆனால் அந்தக் குறைகளைக் காரணம் காட்டி, எல்லோரையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணூர் காட்டிவிட்டது. யாரும் பார்க்காத அறையில் ஒரு ஆறு வரைபடத்திலிருந்து காணாமல் போகும்.

எண்ணெய் கொட்டிய பிறகு குவளையோடு கூப்பிடப்படுபவர்களை, அதற்கு முன்பே வரைபடம் விரிக்கப்படும் மேசைக்குக் கூப்பிட வேண்டும். மக்கள் பங்கேற்பு என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இருக்க முடியாது.